கிளவுட்டில் தடயம்: நிஸ்ட் ஆவணமும் சில சந்தேகங்களும்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து மெயில். (இந்த மாதிரி மெயில் எல்லாம் வெள்ளிக்கிழமை மாலைதான் வரும்.) அவர்களுடைய விலைப்பட்டியல் கோப்பு ஒன்று போட்டி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது எங்கள் சிஸ்டத்தில் மட்டும்தான் ஏற்றப்பட்டது. யார் இறக்கினார்கள் என்று சொல்லுங்கள். ஒரே கேள்வி, ஒரே கோப்பு. அரை மணி நேரத்தில் சொல்லிடலாம் என்று உட்கார்ந்தோம். திங்கட்கிழமை வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

கோப்பு இருந்தது ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டில். அந்தப் பக்கெட்டை உருவாக்கியது யார், அதன் அனுமதிகளை மாற்றியது யார் என்பதெல்லாம் லாக்கில் இருந்தது. உள்ளே இருந்த கோப்பை யார் படித்தார்கள் என்பது மட்டும் இல்லை. அது தனியாக ஆன் பண்ண வேண்டிய லாக், நாங்கள் பண்ணவில்லை. சரி, அப்ளிகேஷன் சர்வர் லாக்கைப் பார்ப்போம் என்றால், சம்பவம் நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. லோடு குறைந்த ஏதோ ஒரு இரவில் ஆட்டோஸ்கேலிங் அந்த சர்வர்களை அழித்திருந்தது. சர்வரோடு டிஸ்க்கும் போச்சு. மிச்சமிருந்த ஒரே ஒரு லாக்கில் பதிவான நேரம் இந்திய நேரமா யூடிசியா என்று அதை எழுதின ஆளுக்கே நினைவில்லை. ஐந்தரை மணி நேர வித்தியாசம். எங்கள் சந்தேகத்தில் இருந்தவர் ஒரு கணக்குப்படி ஆபீசில் தன் நாற்காலியில் இருந்தார், இன்னொரு கணக்குப்படி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று பதில் எழுதினோம். வாடிக்கையாளர் போனது ஒரு பக்கம். சந்தேகப்பட்ட அந்த நபரும் சில மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர்தான் எடுத்தார் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, எடுக்கவில்லை என்பதற்கும் இல்லை. ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்த பார்வை மாறிப்போனது. லாக் இல்லாததால் குற்றவாளி தப்பிப்பான் என்று பொதுவாகச் சொல்வார்கள். நிரபராதியும் மாட்டிக்கொள்வான் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அப்போதிலிருந்து ஓய்வு நேரத்தில் படித்துவரும் விஷயம் இது. துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு: தடயவியல் ஆயத்தம். 2001-இல் ஜான் டான் எழுதிய கட்டுரையிலிருந்து இதன் இலக்கணம் தொடங்குகிறது. நம்பத்தக்க ஆதாரத்தைத் திரட்டும் திறனைக் கூட்டு, விசாரணைக்கு ஆகும் செலவைக் குறை. இரண்டே வரி. 2004-இல் ராபர்ட் ரௌலிங்சன் இதைப் பத்துப் படிகளாக விரித்தார். அந்தப் பத்தில் முதல் படி எந்தக் கருவியை வாங்குவது என்பதல்ல. உங்கள் தொழிலில் எந்த எந்தச் சூழ்நிலையில் டிஜிட்டல் ஆதாரம் தேவைப்படும் என்று முதலில் எழுது என்பதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவேன்.

பழைய தடயவியல் என்பது ஒரு பெட்டியைச் சுற்றி நடந்தது. பெட்டியைக் கைப்பற்று, டிஸ்க்கைக் கழற்று, எழுத முடியாதபடி தடுக்கும் கருவி வழியாக அச்சு அசலாக நகலெடு, ஹாஷ் போடு, சீல் வை. கிளவுட்டில் எந்தப் பெட்டி? உங்கள் தரவு இருக்கும் டிஸ்க்கிலேயே இன்னும் பல பேருடைய தரவும் இருக்கும். அந்த டேட்டா சென்டரின் கதவைக்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 2012-இல் ஜோசையா டைக்ஸ்ட்ராவும் ஆலன் ஷெர்மனும் அமேசானின் ஈசி2 சர்வர்களில் என்கேஸ், எஃப்டிகே போன்ற வழக்கமான கருவிகளை ஓட்டிப் பார்த்தார்கள். தரவை எடுக்க முடிந்தது. ஆனால் எடுத்ததை நம்ப வேண்டுமானால் ஆபரேட்டிங் சிஸ்டம், ஹைப்பர்வைசர், அதற்குக் கீழே இருக்கும் ஹோஸ்ட், வன்பொருள், நெட்வொர்க் என்று அடுக்கடுக்காக எல்லாவற்றையும் நம்ப வேண்டும் என்பதுதான் அவர்கள் காட்டின முக்கியமான விஷயம். கிளவுட்டின் மேலாண்மைத் தளம் வழியாகவே ஆதாரத்தை எடுப்பது நல்லது என்றார்கள். அடுத்த வருடமே ஓப்பன்ஸ்டாக் தளத்துக்கு ஃப்ராஸ்ட் என்று ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இந்த வகை: சொன்னதோடு நிற்காமல் கோடும் எழுதியவர்கள்.

இனி நிஸ்ட். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான இது 2020 ஆகஸ்டில் கிளவுட் தடயவியலின் சவால்களைத் தொகுத்து ஐஆர் 8006 என்ற அறிக்கையை இறுதி செய்தது. மொத்தம் 65 சவால்கள், ஒன்பது தலைப்புகள். 2024 ஜூலையில் அதன் அடுத்த கட்டமாக எஸ்பி 800-201 வந்தது. கிளவுட் தடயவியலுக்கான மேற்கோள் கட்டமைப்பு என்று பெயர். ஒரு கிளவுட் அமைப்பில் இருக்கக்கூடிய சில நூறு திறன்களை ஒரு பக்கம் நிறுத்தி, 65 சவால்களை இன்னொரு பக்கம் நிறுத்தி, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கட்டம் கட்டமாகக் குறிக்கிற முறை. உங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நான் இதை மட்டம் தட்ட வரவில்லை. 65 சவால்களின் பட்டியலைப் படித்தபோது எங்கள் வெள்ளிக்கிழமைக் கதையின் ஒவ்வொரு துண்டும் அதில் இருந்தது: நேர ஒத்திசைவு, அழிந்த தரவு, லாக் வடிவங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது. நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்ற ஆறுதல். ஆனால் அட்டவணையை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை வேலையை ஆரம்பிக்கிற பொறியாளனாகப் பார்த்தால் ஒரு சிக்கல். ஒவ்வொரு கட்டமும் ஒரே எடை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யாவிட்டால் கதை முடிந்தது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரிசை அதற்குள் இல்லை. ரௌலிங்சன் இருபது வருடத்துக்கு முன்பே கேள்வியிலிருந்து தொடங்கினார். இந்த ஆவணம் திறன்களிலிருந்து தொடங்குகிறது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறோம் என்று தெரியாமல் ஆயத்தம் பண்ணுவது, எந்த ஊருக்கென்று தெரியாமல் பெட்டி கட்டுவது மாதிரிதான். கம்பளியும் இருக்கும், குடையும் இருக்கும், டிக்கெட் இருக்காது.

இன்னொரு குறை, எனக்கு இதுதான் பெரியது. இந்தத் துறையின் பெரும்பாலான எழுத்துக்கள் ஆயத்தத்தை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகப் பார்க்கின்றன. நிஜத்தில் அது பெருமளவு விலைப்பட்டியல் பிரச்சினை. இதற்கு 2023-ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்த வருடம் ஜூன் 15 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்புக் குழு மெயில்பெட்டிகளில் ஏதோ சரியில்லை என்று கவனித்தது. அவர்களே எழுதி வைத்திருந்த ஒரு எச்சரிக்கை விதி அடித்த மணி அது. அந்த விதிக்கு 'பிக் யெல்லோ டாக்ஸி' என்று பெயர் வைத்திருந்தார்கள். விதி பார்த்துக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் 365-இல் வரும் ஒரு குறிப்பிட்ட லாக்கை: எந்தச் செயலி எந்த மெயிலைத் திறந்தது என்பதைப் பதிவு செய்கிற லாக். அடுத்த நாள் மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போனது. தோண்டிப் பார்த்தால், ஸ்டார்ம்-0558 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட, சீனாவோடு தொடர்புடைய குழு, 2016-இல் உருவாக்கப்பட்ட ஒரு கையெழுத்துச் சாவியை வைத்துக்கொண்டு போலி டோக்கன்களைத் தயாரித்து மெயில்பெட்டிகளுக்குள் நுழைந்திருந்தது. 22 நிறுவனங்கள், 500-க்கும் மேற்பட்ட நபர்கள். வர்த்தகச் செயலர் ஜினா ரைமண்டோ, சீனாவுக்கான தூதர் நிக்கோலஸ் பர்ன்ஸ் ஆகியோரின் பெட்டிகளும் அதில் அடக்கம். வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் சுமார் 60,000 மெயில்கள் போயின.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த லாக் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அன்றைய நிலையில் மேல்தட்டு லைசென்ஸ் வாங்கியவர்களுக்குத்தான். வெளியுறவுத் துறை வாங்கியிருந்தது, அதனால் பார்த்தது. அதே குழு நுழைந்த மற்றவர்களில் குறைந்த லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்குப் பார்க்கவே வழி இல்லை. இந்த ஊடுருவலை வேறு எந்த லாக்காவது காட்டிக்கொடுத்திருக்குமா என்றால், தங்களுக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றுதான் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையும் எஃப்பிஐயும் அந்த ஜூலையில் வெளியிட்ட அறிவுறுத்தலில் சொல்லின. அதாவது 65 சவால்களையும் கரைத்துக் குடித்த நிபுணர் ஒருவர் குறைந்த லைசென்ஸ் வைத்த நிறுவனத்தில் உட்கார்ந்திருந்தால், அவரும் கையைப் பிசைந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

விமர்சனம் எழுந்த பிறகு அதே மாதம் மைக்ரோசாஃப்ட் இந்த லாக்குகளைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருவதாக அறிவித்தது. சாதாரணமாக வைத்திருக்கும் காலத்தையும் 90 நாளிலிருந்து 180 நாளாக்கியது. நல்லதுதான். ஆனால் இதில் எந்தத் தொழில்நுட்பக் கண்டுபிடிப்பும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். லாக் ஏற்கெனவே இருந்தது. வேலி மட்டும் நகர்ந்தது.

இதன் இரண்டாம் பாதி இன்னும் சுவாரஸ்யம். அந்தச் சாவி எப்படிப் போனது? 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு விளக்கம் எழுதியது: 2021 ஏப்ரலில் ஒரு சிஸ்டம் க்ராஷ் ஆனபோது உருவான டம்ப் கோப்பில் சாவி சிக்கி, அங்கிருந்து திருடப்பட்டிருக்கலாம். அதே விளக்கத்தில், லாக் வைத்திருக்கும் காலக் கொள்கையால் திருட்டுக்கான நேரடிப் பதிவு தங்களிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பதிவைத் திருத்தி, சாவி இருந்த டம்ப் எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று சேர்த்தார்கள். இதை விசாரித்த அமெரிக்க சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியத்தின் அறிக்கை ஏப்ரலில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் 46 அனுமானங்களை ஆராய்ந்ததாம். எதிராளியிடம் குவாண்டம் கணினி இருந்திருக்குமோ என்பது வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். சாவி எப்படி, எப்போது போனது என்பது அறிக்கை வரும்போதும் தெரியவில்லை. உலகத்துக்கே லாக் விற்கிற கடையில் தன் வீட்டுக் கதவுக்கு லாக் மிச்சமில்லை. எங்கள் வெள்ளிக்கிழமைக் கதை நினைவுக்கு வந்து கொஞ்சம் சிரித்துக்கொண்டேன், சந்தோஷமாக இல்லை.

அந்த வாரிய அறிக்கையை நான் இந்தத் துறையின் மிகச் சிறந்த வாசிப்புகளில் ஒன்றாகச் சொல்வேன். யாரையும் தடவிக்கொடுக்காமல், இந்த ஊடுருவல் நடந்திருக்கவே கூடாது என்று நேராக எழுதியது. அடிப்படைத் தணிக்கை லாக்குகளைக் கூடுதல் விலை இல்லாமல் சேவையின் வழக்கமான பகுதியாகவே தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நிஸ்ட் அட்டவணை பக்கம் பக்கமாகச் சொல்லாததை ஒரே பத்தியில் சொல்கிறது. 2025 ஜனவரியில் அந்த வாரியத்தின் உறுப்பினர்களை அரசு வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்பது தனிச் சோகம்.

இங்கே ஒரு எதிர்வாதத்தையும் வைத்தாக வேண்டும். எல்லா லாக்கையும் ஆன் பண்ணி வைத்தால் போதுமா? போதாது. 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியின் அமேசான் ஸ்டோரேஜிலிருந்து பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் போனது. நடந்தது மார்ச் 22, 23. வங்கிக்குத் தெரிந்தது ஜூலை 17, அதுவும் வெளி ஆள் ஒருவர் அனுப்பிய மெயிலால். லாக் அத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனால் மெயில் வந்த இரண்டே நாளில் உறுதிப்படுத்த முடிந்தது, ஜூலை 29-இல் கைதே நடந்துவிட்டது. ஆயத்தம் திருட்டைத் தடுக்கவில்லை. கேள்வி வந்த அன்று பதில் தயாராக இருந்தது, அவ்வளவுதான் அதன் வேலை. கண்காணிப்பையும் தடயத்தையும் ஒரே தட்டில் வைத்துக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இந்த வழக்கைப் படிக்கச் சொல்வேன்.

செலவும் பொய்யான சாக்கு இல்லை. அமேசானில் நிர்வாக நிகழ்வுகளின் 90 நாள் வரலாறு இலவசம். கோப்பு அளவிலான நிகழ்வுகள் தானாகப் பதிவாகாது. இதை எழுதும் நேரத்து விலைப்படி ஒரு லட்சம் நிகழ்வுக்குப் பத்து சென்ட். மாதத்துக்கு நூறு கோடி நிகழ்வு நடக்கிற பக்கெட் என்றால் 1,000 டாலர், சேமிப்புக்குத் தனி. ஒரு சின்ன நிறுவனத்தின் மேனேஜர் இதைப் பார்த்து 'இப்போ அவசியமா?' என்று கேட்பது நியாயமே. அதனால்தான் ரௌலிங்சனின் முதல் படி முக்கியம். எல்லாப் பக்கெட்டுக்கும் வேண்டாம். எந்தக் கோப்பு வெளியே போனால் வழக்கு வருமோ அந்தப் பக்கெட்டுக்கு மட்டும் போடுங்கள். எங்கள் விலைப்பட்டியல் கோப்பு இருந்த பக்கெட்டில் மாதத்துக்குச் சில ஆயிரம் நிகழ்வுகள்தான். ஒரு டீயின் விலைகூட ஆகியிருக்காது.

ஆவணங்களில் சிக்காத சின்னச் சின்ன விஷயங்கள்தான் கடைசியில் காலை வாருகின்றன. ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல பேர் இதில் விழுகிறார்கள். விசாரணைக்கென்று தனி அக்கவுன்ட் வைத்து, சந்தேகத்துக்குரிய சர்வரின் டிஸ்க் ஸ்னாப்ஷாட்டை அங்கே நகர்த்தி ஆராய வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். சரிதான். ஆனால் அமேசான் தானாகத் தரும் இயல்புச் சாவியால் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருந்தால், அந்த ஸ்னாப்ஷாட்டை வேறு அக்கவுன்ட்டோடு பகிரவே முடியாது. நீங்களே உருவாக்கிய சாவி வேண்டும். முதலில் உங்கள் சாவியால் மறுகுறியாக்கம் செய்து நகலெடுத்து, பிறகு பகிர வேண்டும். சம்பவ இரவில் இரண்டு மணிக்கு இதைக் கண்டுபிடிக்கிற அனுபவம் யாருக்கும் வேண்டாம். டிஸ்க்கை உருவாக்கும் நாளிலேயே எடுக்க வேண்டிய முடிவு இது. அதனால்தான் ஆயத்தம் என்பது பாதுகாப்புக் குழுவின் வேலை இல்லை, டெர்ராஃபார்ம் எழுதுகிறவரின் வேலை என்று நான் சண்டை போடுகிறேன்.

லாக் நின்றுபோனால் யாருக்குத் தெரியும் என்பதும் இதே ரகம். 2024 செப்டம்பர் 2 முதல் 19 வரை மைக்ரோசாஃப்டின் சில சேவைகளில் வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு லாக்குகள் முழுமையாகச் சேரவில்லை. தாக்குதல் எதுவும் இல்லை, லாக்கைத் திரட்டும் உள் கருவியில் ஒரு பக். லாக் வருகிறதா என்று பார்க்கும் அலாரம் எத்தனை பேர் வைத்திருப்போம்? நான் வைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் வைத்தேன்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு பகுதி. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை இயக்கி 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. கடிகாரங்களை தேசிய நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்லியிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது, காரணம் உங்களுக்கே தெரியும். நீதிமன்றம் என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. மின்னணு ஆதாரத்தோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் தர வேண்டும். ஒன்றை ஆதாரம் தருபவரும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்போடு. ஹாஷைச் சட்டப் படிவத்துக்குள் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம். அமேசானின் க்ளவுட்ட்ரெயிலில் லாக் சரிபார்ப்பை ஆன் பண்ணி வைத்தால் மணிக்கொருமுறை ஷா-256 ஹாஷ்களோடு கையெழுத்திட்ட கோப்பு வந்துவிடும், படிவத்துக்கு நேராகப் பயன்படும்.

ஆனால் அதே படிவம் சாதனத்தின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண் எல்லாம் கேட்கிறது. கிளவுட் என்ற கட்டமும் உண்டு, கிளவுட் அடையாள எண்ணுக்கு இடமும் உண்டு, 'பொருந்தினால்' என்ற சொல்லும் உண்டு. இருந்தாலும் மேகத்துக்கு என்ன நிறம் எழுதுவது என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். கோடு போட்டுவிடு என்றார். சிரிப்பு ஒரு புறம் இருக்கட்டும். அந்தச் சாதனம் யாருடைய சட்டப்பூர்வக் கட்டுப்பாட்டில் இருந்தது என்றும் படிவம் கேட்கிறது. பதினைந்து நிமிடத்தில் முடிந்துபோகும் சர்வர்லெஸ் ஃபங்ஷன் ஒன்றுக்கு இதில் மனசாட்சியோடு கையெழுத்துப் போட நான் தயங்குவேன். இது பெட்டி காலத்துச் சிந்தனையின் மிச்சம்.

நடைமுறையில் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: இப்போது நான் இருக்கும் குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஒரு கோப்பின் பெயரைச் சொல்வார். ஆறு வாரத்துக்கு முன் இதை யார் படித்தார்கள்? கடிகாரம் ஓடும். முதல் முறை இரண்டு நாள் ஆனது. போன முறை நாலு மணி நேரம். அதில் மூன்று மணி நேரம், லாக் இருக்கும் அக்கவுன்ட்டுக்குள் நுழைய அனுமதி தர வேண்டியவர் லீவில் இருந்ததால். இதற்கு நிஸ்ட் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்பது தலைப்புகளில் ஒன்று ரோல் மேலாண்மை, அங்கேதான் இது வரும். அடுத்த முறைக்கு இன்னொருவருக்கும் அந்த அனுமதியைக் கொடுத்து வைத்திருக்கிறோம், அவர் எப்போது லீவு போடுவார் என்றுதான் பார்க்க வேண்டும்.